திரும்பிப் போகாத அன்னை

இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியில் 1850ம் ஆண்டு பிறந்தவர் புனித பிரான்சிஸ் கப்ரினி அன்னை. சீனாவில் வேதம் போதிக்க விரும்பிய அவரை, பாப்பரசர் 13ம் சிங்கராயர் அமெரிக்காவில் குடியேறிய ஏழை இத்தாலியரிடம் அனுப்பினார்.

1889 மார்ச் 31ல் ஆறு கன்னியருடன் நியூயோர்க் சேர்ந்தார். தங்குவதற்கு வீடு ஆயத்தமாயிருக்கவில்லை. திரும்பிப் போகுமாறு அதிமேற்றிராணியாரே சொன்னார். பாப்பரசரின் கட்டளைப்படி வந்ததாகப் பணிவுடன் கூறி, அன்னை அங்கேயே தங்கிவிட்டார்.

காணி வாங்குவதையும் கட்டட வேலையையும் தாமே முன்னின்று நடத்தினார். அநாதை விடுதி, பாடசாலை, வைத்தியசாலை என 67 நிறுவனங்கள் எழுந்தன. சிறுவயது முதல் தண்ணீருக்கு அஞ்சியவர், அத்திலாந்திக் சமுத்திரத்தை இருபது தடவைக்கு மேல் கடந்தார்.

1909ல் அமெரிக்கப் பிரசையானார். 1917ல் சிக்காகோவில் இறைவனடி சேர்ந்தார். பிழைப்புத் தேடிக் கடல் கடக்கும் பெண்களுக்கு அவர் இன்றும் துணை. 1950ல் திருச்சபை அவரைக் குடியேறியோரின் பாதுகாவலியாக்கியது.