எட்டு வருடமும் ஐந்து மாதமும்

எங்கள் இரசாயனவியல் ஆய்வுகூட வாசலுக்கு நேரே கியூரி அம்மையாரின் படம் ஒன்று தொங்கியது. கறுப்பு உடுப்பு, இழுத்துக் கட்டிய கொண்டை, சிரிப்பில்லாத முகம். சோதனைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே பிறந்திருப்பார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். ரேடியம், பொலோனியம், இரண்டு நோபல் பரிசுகள் எல்லாம் பரீட்சைக்காகப் பாடமாக்கியவை. அவர் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழக வாசலை மிதிக்க எட்டு வருடங்களுக்கு மேல் சென்றது என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முதற்தடவை மருத்துவபீடத்துக்கு வெட்டுப்புள்ளி போதாமல் வீட்டில் இருந்த காலத்தில், நூலகத்தில் இரவல் எடுத்த புத்தகமொன்றில்தான் அதை அறிந்தேன். இவ்வருடம் கல்லூரியை விட்டு வெளியேறும் தங்கைமாருக்கு எழுதுவதாயின் அந்த எட்டு வருடங்களைப் பற்றியே எழுதவேண்டும் என்று எண்ணினேன்.

1867இல் வார்சோ நகரில் பிறந்த அவருடைய பெயர் மரியா ஸ்க்ளோடோவ்ஸ்கா. ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. போலந்தின் அப்பகுதி அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது; பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழியிலேயே படிக்கவேண்டும். தந்தை பௌதிகவியலும் கணிதமும் கற்பித்த ஆசிரியர். தாயார் பெண்கள் பாடசாலையொன்றை நடத்தியவர். மூத்த அக்கா டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். இரண்டு வருடங்களில் தாயாரைக் கசரோகம் கொண்டுபோயிற்று. அப்போது மரியாவுக்குப் பத்து வயது.

1883 ஜூன் மாதம், பதினைந்தாவது வயதில், தங்கப் பதக்கத்துடன் பள்ளிப்படிப்பை முடித்தார். அத்துடன் உடலும் மனமும் சோர்ந்து விழுந்தன. இன்று என்னிடம் அப்படியொரு பிள்ளையைக் கூட்டிவந்தால் நான் என்ன எழுதிக் கொடுப்பேனோ தெரியாது. அவருடைய தந்தை செய்தது நல்ல வைத்தியம்: ஒரு வருடம் நாட்டுப்புறத்து உறவினர் வீடுகளுக்கு அனுப்பிவிட்டார். அங்கே அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பனியில் சறுக்குவண்டி ஓடி, விடிய விடிய நடனமாடினார். தன் வாழ்நாளில் அவ்வளவு கவலையற்றிருந்த காலம் அவருக்குப் பிறகு வாய்க்கவில்லை.

திரும்பி வந்தபோது கதவுகள் பூட்டியிருந்தன. வார்சோப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்ப்பதில்லை. அண்ணன் அங்கே மருத்துவம் படித்தார். அதே பதக்கம் வாங்கிய தங்கைமாருக்கு இடமில்லை. பரிஸ் போகலாம், பணமில்லை. மரியாவும் அக்கா புரோனியாவும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சில்லறை சேர்த்தார்கள். வீடு வீடாக இடம் மாற்றி இரகசியமாக நடந்த பறக்கும் பல்கலைக்கழகத்திலும் படித்தார்கள். பிறகு சகோதரிகள் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். முதலில் புரோனியா பரிஸ் சென்று மருத்துவம் படிப்பது, மரியா வேலை செய்து பணம் அனுப்புவது. அக்கா வைத்தியரானதும் தங்கையை அழைத்துப் படிப்பிப்பது.

1886 ஜனவரியில், பதினெட்டு வயதில், மரியா வார்சோவுக்கு வடக்கே சுமார் நூறு கிலோமீற்றரில் உள்ள ஷ்சூக்கி என்ற கிராமத்துக்கு, ஒரு வசதியான குடும்பத்தின் வீட்டோடு தங்கும் ஆசிரியையாகப் போனார். சுற்றிலும் பீட் கிழங்குத் தோட்டம், அருகில் சீனி ஆலை. பகலில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம். மிஞ்சிய நேரத்தில் குடியானவர்களின் பிள்ளைகளுக்குப் போலிஷ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அகப்பட்டால் சைபீரியாவுக்கு அனுப்பக்கூடிய குற்றம் அது. இரவில் பௌதிகவியல், சமூகவியல், உடற்கூற்றியல் என்று கிடைத்ததையெல்லாம் வாசித்தார். கணிதத்தைத் தந்தை தபால் மூலம் திருத்தி அனுப்பினார். தான் இலக்கியம் படிக்கப் பிறந்தவளா விஞ்ஞானம் படிக்கப் பிறந்தவளா என்பதுகூட அவருக்கு அதுவரை நிச்சயமில்லை. கணிதமும் பௌதிகவியலும்தான் என்ற முடிவு அந்தத் தனிமை இரவுகளில் வந்தது.

அந்த வீட்டு மூத்த மகன் கசிமிர் அவரை விரும்பினார்; இவரும் விரும்பினார். சம்பளத்துக்கு நின்ற பெண்ணை மருமகளாக்கப் பெற்றோர் மறுத்துவிட்டனர். அவமானத்தோடு உடனே வெளியேற முடியாது, புரோனியாவுக்குப் பணம் போகவேண்டும். 1889 வரை அதே வீட்டில், அதே மேசையில் இருந்து சாப்பிட்டார். அந்தக் காலக் கடிதங்களில் அவர் நம்பிக்கை இழந்தவராகவே தெரிகிறார். 1890இல் புரோனியா பரிஸுக்கு அழைத்தபோது உடனே புறப்படவுமில்லை. இனித் தனக்குப் படிப்பு இல்லை என்றே எண்ணிவிட்டார் போலும்.

வார்சோவில் மைத்துனர் ஒருவரின் பொறுப்பில் இருந்த சிறிய ஆய்வுகூடம்தான் அவரை மீட்டது. மாலைகளிலும் ஞாயிறுகளிலும் அங்கே தனியாகப் பரிசோதனைகள் செய்து பழகினார். 1891இல் கசிமிரைக் கடைசியாகச் சந்தித்தார், அதுவும் ஒன்றும் ஆகவில்லை. அதன் பின்னரே புறப்பட்டார். ஜேர்மனியில் நாலாம் வகுப்புப் பெட்டியில் இருக்கை கிடையாது என்பதால் மடக்குக் கதிரையையும் வழிச்சாப்பாட்டையும் கொண்டுபோனார். நவம்பரில் சோர்போனில் சேர்ந்தார். பெரும்பாலானோர் பட்டம் பெறும் வயதில், இருபத்து நான்கில், இவர் முதலாம் வருடம். 1893இல் பௌதிகவியல் பட்டத்தில் முதலாமிடம், அடுத்த வருடம் கணிதத்தில் இரண்டாமிடம். பின்னாளைய கதை உங்களுக்குத் தெரியும்.

இந்த வரலாற்றை வாசிக்கும் எல்லோரும் மரியாவைத் தங்களாக நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் நான் புரோனியாவின் பக்கத்து ஆள். அப்பா படுக்கையில் விழுந்த வருடம் அக்காவும் இதே கல்லூரியில் உயர்தரம் முடித்திருந்தார். கணிதத்தில் என்னைவிடக் கெட்டிக்காரி. விறாந்தையில் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்து, இரவில் தையல் மெஷினில் இருந்து, இரண்டாந்தடவை பரீட்சைக்கும் பிறகு மருத்துவபீடத்துக்கும் என்னை அனுப்பினார். நான் உழைக்கத் தொடங்கியதும் அக்காவின் முறை என்று பேசி வைத்திருந்தோம். உள்ளகப் பயிற்சி முடித்து வந்தபோது அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். நான் அந்தக் கதையை எடுக்க, சிரித்துவிட்டு, சின்னவனின் இருமலைப் பார்க்கச் சொன்னார்.

புரோனியா தன் வாக்கைக் காப்பாற்றினார். பரிஸில் தங்கைக்கு முதலில் தங்க இடம் கொடுத்தது அவர் வீடுதான். 1932இல் வார்சோவில் ரேடியம் நிறுவகம் திறக்கப்பட்டபோது அதன் பணிப்பாளராகப் பொறுப்பேற்றவரும் அவரே. இரண்டு வருடங்களின் பின், என்புமச்சை குருதிக்கலங்களை ஆக்காமல் விடும் நோயில், மேரி கியூரி இறந்தார். கதிர்களோடு கழித்த வாழ்க்கையின் விலை அது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அக்காவிடம் வாசிக்கக் கொடுத்தேன். தன்னைப் பற்றிய பந்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தலைப்பில் நான் ஒன்பது வருடம் என்று எழுதியிருந்தேன். 83 ஜூனிலிருந்து 91 நவம்பர் வரை விரல்விட்டு எண்ணி, எட்டு வருடமும் ஐந்து மாதமும் என்று பென்சிலால் திருத்தித் தந்தார்.