ஆஸ்வால்டு ஏவரி

பெற்றோரின் குணங்கள் பிள்ளைகளை வந்தெய்துதற்கு ஏதுவாகிய பொருள் யாது? இவ்வினாவிற்குச் சோதனைவாயிலாக விடை கண்டவருள் முதலிடம் பெறத்தக்கவர் ஆஸ்வால்டு ஏவரி. இவர் 1877-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள் கானடா தேசத்து ஹாலிபாக்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் இங்கிலாந்தினின்றும் அங்குக் குடியேறிய பாப்டிஸ்டு சபைப் போதகர். 1887-இல் அக்குடும்பம் நியூயார்க்கு நகரத்திற்குப் பெயர்ந்து, ஏழைமக்கள் நெருங்கி வாழும் பகுதியில் ஊழியம் செய்யலாயிற்று. சிறுவராகிய ஏவரி ஞாயிறுதோறும் ஆலயப் படியில் நின்று, தமையனாருடன் ஊதுகொம்பு இசைத்து வழிப்போவாரை ஆராதனைக்கு ஈர்ப்பார். 1892-இல் அத்தமையனாரும் தந்தையாரும் இறந்தனர்.

கோல்கேட்டுக் கலாசாலையில் அவர் சிறந்து விளங்கியது மேடைப்பேச்சில் என்பது நம்போன்ற இலக்கிய மாணவர்க்கு மகிழ்ச்சி தருவதாம். 1904-இல் கொலம்பியாவில் வைத்தியப் பட்டம் பெற்றார். ஆயினும், தீராநோயாளர்முன் செய்வதறியாது நிற்கும் தொழில் அவர் உள்ளத்திற்கு ஒவ்வாமையின் ஆராய்ச்சியை நாடினார். 1913 முதல் ராக்பெல்லர் நிலையத்து வைத்தியசாலையில் நிமோனியாக் கிருமியையே தம் வாழ்நாட் பொருளாகக் கொண்டார். மணஞ் செய்துகொண்டிலர்.

1928-இல் இங்கிலாந்திற் கிரிபித் என்பார் ஒரு விந்தை கண்டார். அக்கிருமியுள் வழுவழுப்பான உறையுடையது கொடியது; உறையற்றது தீங்கற்றது. கொல்லப்பட்ட கொடிய கிருமியையும் உயிருள்ள தீங்கற்ற கிருமியையும் சேர்த்துச் சுண்டெலிகளின் உடலிற் செலுத்த, எலிகள் மாண்டன. அவற்றின் குருதியில் உறையுடைய கிருமிகள் உயிரோடிருந்தன. ஏவரி முதலில் இதனை நம்பினாரல்லர். தம் கூடத்தாரே செய்து மெய்யெனக் கண்டபின்னர், இறந்தது உயிருள்ளதற்கு ஈந்த பொருளைத் தேடப் புகுந்தார்.

அது புரதமே என்பது அக்காலத்துப் பலர் கொள்கை. ஏவரியும் மக்லியாடு, மக்கார்ட்டி என்னும் துணைவரும் அப்பொருளைப் பிரித்துத் தூய்மைசெய்து, புரதத்தைச் செரிக்கும் நொதிகளை இட்டனர், ஆற்றல் குன்றவில்லை. டி. என். ஏ. என்னும் அமிலத்தைச் சிதைக்கும் நொதியை இடவே, ஆற்றல் அழிந்தது. அறுபது கோடியில் ஒரு பங்காக நீர்த்தும் அப்பொருள் தொழிற்பட்டது. 1944 பெப்ரவரியில் அறிக்கை வெளிவந்தபோது அவருக்கு வயது 66.

அவ்வறிக்கையில் யான் பெரிதாக மதிக்கும் செய்தி வேறொன்று. மாறிய கிருமிகளின் சந்ததியில், முதலில் இட்டதினும் மிகப் பன்மடங்காக அப்பொருள் இருந்தது. வந்த விருந்து புக்க இல்லத்திலேயே பெருகியது! பெருக்கியவர் யார்? இவ்விடை ஏவரி மறைந்தபின்னரே தெளிவாயிற்று. டி. என். ஏ.-யைப் படியெடுக்கும் புரதமொன்றைக் கிருமியினின்று ஆர்தர் கோர்ன்பர்க்கு 1956-இற் பிரித்தெடுத்தார். நிமோனியாக் கிருமியுட் புகுந்த துண்டு அதன் குரோமோசோமில் இணைந்து, அதனோடு படியெடுக்கப்படும். இணையாது தனித்து வாழ்வனவும் உண்டு. அவற்றிற்கு லெடர்பர்க்கு 1952-இல் இட்ட பெயர் பிளாஸ்மிட். இவை பெரும்பாலும் வளைய வடிவின. கோல்-ஈ-1 என்னும் பிளாஸ்மிட் படியெடுப்பைத் தொடங்கத் தனக்கென ஒரு புரதமும் ஆக்குவதில்லை. இடங்கொடுத்த கிருமியின் புரதமொன்று சிறிய ஆர். என். ஏ. இழையை ஆக்க, மற்றொன்று அதனை அறுத்துத் திருத்த, கோர்ன்பர்க்கு கண்ட புரதம் அதன் நுனியினின்று புதுப்படியைத் தொடங்கும். பி-எஸ்-சி-101 என்பதற்கோ சொந்தப் புரதம் ஒன்று உண்டு. எனினும், கிருமி தன் குரோமோசோமைப் படியெடுக்கத் தொடங்குங்கால் கையாளும் புரதமும் உடனிருந்தாலன்றி அது பெருகாது. பரம்பரைப் பொருளென்னும் பட்டத்தை ஏவரியாற் புரதம் இழந்தது. ஆயின், அப்பொருளைப் பெருகச்செய்வதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

ஏவரியின் முடிபை உலகம் எளிதில் ஏற்கவில்லை. அந்நிலையத்து மிர்ஸ்கி என்பாரே, எஞ்சிய சிறிது புரதம் இதனைச் செய்திருக்கலாம் என மறுத்தார். ஏவரியும் வாதத்திற்கு எழுந்தவரல்லர். 1943-இல் தம் தம்பி ராய்க்கு எழுதிய கடிதத்தில் இது ஜீனாகவே இருக்கலாமென மனந்திறந்தவர், அறிக்கையில் அத்துணைத் துணிந்து கூறினாரல்லர். 1945-இல் இலண்டன் ராயல் சங்கம் காப்ளிப் பதக்கம் அளித்தது; நோபெல் பரிசு அவருக்குக் கிட்டவேயில்லை. 1948-இல் தம்பி வாழ்ந்த நாஷ்வில் நகருக்குச் சென்று தங்கி, 1955 பெப்ரவரி 20-ஆம் நாள் அங்கேயே காலமானார்.