பதிவேடுகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்த அருணாசலம்

யுத்தத்திற்குப் பிந்திய காணிப் பிரச்சினைகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் நான் கடைசியில் வந்து நிற்பது ஒரு கடதாசியில்தான். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ் என்று இடப்பெயர்வில் தொலைந்த ஏதோ ஒன்று. அலுவலகத்தில் மூலப்பதிவு இருந்தால் பிரதி எடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் சொந்த வளவுக்கே உரிமை நிரூபிக்க அலைய வேண்டும்.

இந்தப் பதிவேடுகளின் பழைய கதையைத் தேடியபோது சேர் பொன்னம்பலம் அருணாசலம் எதிர்ப்பட்டார். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராகவே பலருக்கும் அவரைத் தெரியும். எனக்கு முக்கியமாகப்பட்டது அதற்கு முந்திய உத்தியோக வாழ்க்கை.

1853 செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தம்பி. கேம்பிரிட்ஜில் படித்து, 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர். 1887இல் ஆளுநர் சேர் ஆதர் கோர்டன், மூத்தவர்கள் பலர் இருக்க, பதிவாளர் நாயகம் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். முணுமுணுப்பு எழுந்தது.

அவர் கையேற்ற திணைக்களத்தில் தாமதமும் மோசடியும் மலிந்திருந்தன. உறுதி எங்கே இருக்கிறது என்பது உள்ளே இருப்பவருக்கு மட்டும் தெரிந்தால், அதைத் தேடித் தருவதற்கு ஒரு விலை வந்துவிடும். அருணாசலம் ஆவணங்களுக்கு அட்டவணைகள் தயாரிப்பித்தார், ஆவண அறையை ஒழுங்குபடுத்தினார், ஊழியர்களுக்கென ஓர் உதவி நிதியையும் தொடங்கினார். ஊழலைத் திட்டிப் பேசுவது சுலபம். ஒரு கோவையை எவரும் கண்டெடுக்கக்கூடிய இடத்தில் வைப்பது சலிப்பான வேலை. அவர் அந்தச் சலிப்பான வேலையைச் செய்தார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டையும் அவரே நடத்தினார்.

1913இல் ஓய்வுபெற்ற பின் அவர் வெளியே நின்று வேலை செய்தார். 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தைத் தொடங்கி, ஏழைகளின் கல்விக்கும் மருத்துவ உதவிக்கும் உழைத்தார். 1919இல் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளியின் கடனைக் குறித்துக் கொடுக்கும் துண்டு இல்லாமல் அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாத காலம் அது. ஒரு சிறு கடதாசி மனிதரைக் கட்டிப்போட்டிருந்தது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது.

அவரது பாதை முழுவதும் வெற்றி என்று சொல்ல மாட்டேன். கொழும்புத் தமிழருக்கான ஆசனம் தொடர்பான பிணக்கில் 1921இல் தான் தலைமையேற்ற காங்கிரசை விட்டே வெளியேறினார். 1924 ஜனவரி 9ஆம் திகதி, யாத்திரை சென்ற இடமான மதுரையில் காலமானார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: நேர்மையான அதிகாரி ஒருவர் போதாது, வெளியே கேள்வி கேட்கும் ஆட்களும் சேர்ந்திருக்க வேண்டும். அதிகாரி மாற்றலாகிப் போவார். சங்கம் ஊரிலேயே இருக்கும்.

கோவையைக் காணவில்லை என்ற பதிலோடு திரும்பி வருபவர்களுக்கு இன்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். தனியாள் மட்டுமல்ல, உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினராவது பிரஜைகளாக உள்ள அமைப்பும் கேட்கலாம். ஆகவே தனியே போய் வரிசையில் நிற்கப் பயப்படும் ஒரு தாய்க்காக, அவர் ஊரின் மாதர் சங்கம் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.