நடுக்கடலிலிருந்து வீட்டுக்கு மெசேஜ்: வழி திறந்த மார்க்கோனியின் கதை

1910 மே மாதம். இத்தாலியின் பொலோனியா நகருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. பீட்ரிஸ் என்ற பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறக்கிறது. கணவருக்குத் தகவல் சொல்லணும். ஆனால் அவரோ அட்லாண்டிக் கடலில், ஏதோ ஒரு கப்பலில் இருக்கிறார். எந்தக் கப்பல் என்றுகூட பீட்ரிஸுக்குத் தெரியாது. முகவரியில் மார்க்கோனி, அட்லாண்டிக் என்று மட்டும் எழுதித் தந்தி கொடுக்கிறார்.

அந்தத் தந்தி சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

காரணம் சிம்பிள். அட்லாண்டிக்கில் ஓடிய பெரிய பயணிகள் கப்பல்கள் பலவற்றில் வயர்லெஸ் அறை இருந்தது. அந்த அறைகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மார்க்கோனி கம்பெனி ஆட்கள். முதலாளி எந்தக் கப்பலில் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை.

இன்று க்ரூஸ் கப்பலில் போகும் அப்பா அம்மா டெக்கிலிருந்தே வீடியோ கால் பண்ணுகிறார்கள். இரண்டு நாள் மெசேஜ் வரவில்லை என்றால் நமக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. ஆனால் 1890கள் வரைக்கும் கப்பல் கரையைத் தாண்டிவிட்டால் அவ்வளவுதான். அடுத்த துறைமுகம் வரும்வரை ஆள் இருக்கிறாரா, இல்லையா என்றே தெரியாது. அந்த மௌனத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் குலியெல்மோ மார்க்கோனி. யார் இவர்? கடலில் இருப்பவரையும் வீட்டில் இருப்பவரையும் எப்படி இணைத்தார்?

அம்மா கொடுத்த தைரியம்

1874 ஏப்ரல் 25ஆம் தேதி பொலோனியாவில் பிறந்தார் மார்க்கோனி. அப்பா ஜூசெப்பே இத்தாலிய நிலவுடைமையாளர். அம்மா ஆனி, அயர்லாந்தின் ஜேம்சன் விஸ்கி குடும்பத்துப் பெண்.

மின்காந்த அலைகள் இருப்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் ஏற்கெனவே நிரூபித்திருந்தார். அந்த அலையில் செய்தியை ஏற்றி அனுப்ப முடியுமா என்பதுதான் இளைஞர் மார்க்கோனியின் கேள்வி. 1895இல் வீட்டு மாடியிலும் தோட்டத்திலும் சோதனை செய்தார். கருவியை ஒரு குன்றுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, சிக்னல் வந்தால் துப்பாக்கியால் சுடும்படி அண்ணன் அல்ஃபோன்சோவிடம் சொல்லியிருந்தார். சத்தம் கேட்டது. குன்று மறைத்தாலும் அலை போய்ச் சேரும் என்பது உறுதியானது.

1896இல் அம்மாவே மகனை லண்டனுக்கு அழைத்துப் போனார். உறவினர்கள் உதவினார்கள். அந்த ஆண்டே காப்புரிமைக்கு விண்ணப்பம், அடுத்த ஆண்டு சொந்தக் கம்பெனி. அப்போது மார்க்கோனிக்கு வயது 23.

எல்லாப் புகழும் இவருக்கேவா?

இல்லை. கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1890களிலேயே மின்காந்த அலைகளை வைத்துச் சோதனைகள் செய்து காட்டியிருந்தார். இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜும் அமெரிக்காவில் நிகோலா டெஸ்லாவும் இதே துறையில் வேலை செய்தவர்கள். போஸ் விவரித்த வகையைச் சேர்ந்த பாதரசக் கருவி ஒன்றை மார்க்கோனி பின்னாளில் பயன்படுத்தியது இன்றுவரை விவாதப் பொருள்தான். மார்க்கோனியின் பலம் வேறு இடத்தில் இருந்தது. சோதனைச் சாலையில் இருந்த ஒன்றைக் காசு கொடுத்து வாங்கக்கூடிய சேவையாக மாற்றினார். அந்தச் சேவைக்குக் கடலை விடப் பொருத்தமான இடம் கிடையாது. நிலத்தில் தந்திக் கம்பி இருக்கிறது. ஓடும் கப்பலுக்குக் கம்பி இழுக்க முடியாதே!

ஆரம்பகால வாடிக்கையாளர்கள்: ஒரு அம்மாவும் மகனும்

1898 ஆகஸ்ட். விக்டோரியா மகாராணி வைட் தீவில் தன் மாளிகையில் இருக்கிறார். மகன், வேல்ஸ் இளவரசர் எட்வர்ட், முழங்காலில் அடிபட்டுக் கரைக்கு அருகே நின்ற அரச படகில் ஓய்வெடுக்கிறார். நடுவில் குன்று இருப்பதால் கொடி அசைத்துச் சேதி சொல்ல வழியில்லை. மகன் எப்படி இருக்கிறான் என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும். மார்க்கோனியைக் கூப்பிட்டார்கள்.

16 நாட்களில் சுமார் 150 செய்திகள் போய்வந்தன. முழங்கால் வலி எப்படி, ராத்திரி தூக்கம் எப்படி மாதிரியான விஷயங்கள்தான். கப்பலில் இருப்பவரிடம் நாம் இன்று வாட்ஸ்அப்பில் கேட்பதும் இதைத்தானே?

அடுத்த ஆண்டு நவம்பரில் அமெரிக்காவிலிருந்து செயின்ட் பால் கப்பலில் திரும்பினார் மார்க்கோனி. வழியிலேயே வைட் தீவு நிலையத்தோடு தொடர்பு கிடைத்தது. வந்த போர்ச் செய்திகளை வைத்துக் கப்பலிலேயே ஒரு குட்டிப் பத்திரிகை அச்சடித்தார்கள். பிரதி ஒரு டாலர்.

1901 டிசம்பர் 12 அன்று, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய ஓர் எழுத்தின் சிக்னலை அட்லாண்டிக்கைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். பலர் நம்பவில்லை. சில வாரங்களிலேயே பிலடெல்ஃபியா கப்பலில் பயணம் செய்து, சிக்னல்களைக் காகித நாடாவில் பதிவாக்கிக் காட்டினார். பகலில் சுமார் 700 மைல் வரைக்கும், இரவில் 2000 மைலுக்கு மேலும் அலை எட்டியது.

மார்க்கோனிகிராம் எப்படி வேலை செய்தது?

கப்பலிலிருந்து அனுப்பும் தந்திக்கு மார்க்கோனிகிராம் என்றே பெயர் வந்தது. பயணி கவுண்டரில் படிவத்தை நிரப்பிப் பணம் கட்டுவார். வயர்லெஸ் அறையில் ஆபரேட்டர் அதை மோர்ஸ் குறியீட்டில் அடிப்பார். கரை நிலையம் எட்டும் தூரத்தில் இருந்தால் நேராகப் போகும். இல்லையென்றால் பக்கத்தில் ஓடும் வேறு கப்பல் வாங்கி அடுத்த கப்பலுக்குக் கடத்தும். கரைக்கு வந்ததும் சாதாரணத் தந்தியாக மாறி வீட்டு வாசலுக்குப் போகும்.

விலை? டைட்டானிக்கில் முதல் 10 சொற்களுக்கு 12 ஷில்லிங் 6 பென்ஸ், அதற்கு மேல் சொல்லுக்கு 9 பென்ஸ். சாமானியர் தொட முடியாத கட்டணம். வசதியான பயணிகள் ஜாலிக்காகவே அனுப்பிக் குவித்தார்கள்.

ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. வேறு கம்பெனிக் கருவி வைத்திருக்கும் கப்பல்களோடு அவசரத்துக்குத் தவிரப் பேசக் கூடாது என்று மார்க்கோனி கம்பெனி விதி வைத்திருந்தது. நம் சிம் கார்டிலிருந்து இன்னொரு நெட்வொர்க்குக்குப் பேச முடியாது என்று சொல்வது மாதிரி. 1906 பெர்லின் உடன்படிக்கை வந்த பிறகுதான் இந்தப் பிடி தளர ஆரம்பித்தது. இதற்கிடையே 1909இல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுனுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

டைட்டானிக்: நலம் விசாரிப்பும் பனிப்பாறையும்

1912இல் டைட்டானிக்கின் முதல் பயணத்துக்கு மார்க்கோனி தம்பதிக்கு அழைப்பு வந்தது. வேலை இருந்ததால் மார்க்கோனி லூசிடானியா கப்பலில் முன்னாடியே கிளம்பிவிட்டார். பீட்ரிஸ் டைட்டானிக்கில் வந்து சேர்வதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் குட்டிப் பையன் ஜூலியோவுக்கு உடம்பு சரியில்லாமல் போக, பயணத்தை ரத்து செய்தார். ஆமாம், அட்லாண்டிக் முகவரிக்குத் தந்தி போனதே, அதே ஜூலியோதான். டைட்டானிக் கடந்து போவதை, சவுதாம்ப்டன் அருகே தாங்கள் குடியிருந்த வீட்டுக் கோபுரத்திலிருந்து பீட்ரிஸும் மகள் டெக்னாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 14 இரவு. டைட்டானிக்கின் வயர்லெஸ் அறையில் ஜாக் பிலிப்ஸ். முந்தைய நாள் கருவி பழுதாகி நின்றதில் பயணிகளின் தந்திகள் மலைபோலத் தேங்கிவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகக் கேப் ரேஸ் நிலையத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார். அருகில் இருந்த கலிஃபோர்னியன் கப்பல் பனியால் நின்றுவிட்டதாகச் சேதி சொல்ல நடுவில் நுழைந்தது. வேலையைக் கெடுக்காதே என்று பிலிப்ஸ் அதை ஒதுக்கிவிட்டார். அந்தக் கப்பலின் ஒரே ஆபரேட்டர் கொஞ்ச நேரத்தில் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார். 11.40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது.

பிலிப்ஸை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பயணிகளின் தந்திதான் கம்பெனிக்கு வருமானம். கப்பலின் பாதுகாப்புக்கும் வியாபாரத்துக்கும் ஒரே அறை, ஒரே சாவி. அமைப்பே அப்படித்தான் இருந்தது. ஆனால் அதே சாவியால்தான் பிலிப்ஸும் ஹரால்ட் பிரைடும் கடைசிவரை உதவி கேட்டார்கள். தூங்கப் போகவிருந்த கார்பேதியா கப்பலின் ஆபரேட்டர் காதில் அது விழுந்தது. சுமார் 1500 பேர் இறந்தார்கள், 700க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். பிலிப்ஸ் திரும்பவில்லை.

பிழைத்தவர்களின் பெயர்கள் கார்பேதியாவிலிருந்து வயர்லெஸ் வழியே ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. காலில் காயத்தோடு பிரைடும் அந்த வேலையில் உட்கார்ந்தார். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் அன்று எத்தனையோ குடும்பங்களின் ஒரே கேள்வி. நியூயார்க்கில் இருந்த மார்க்கோனி, கப்பல் வந்ததும் ஏறிப்போய் பிரைடைச் சந்தித்தார். பாராட்டு ஒரு பக்கம், தகவல்கள் உடனே வெளிவராதது ஏன் என்று அமெரிக்க செனட் விசாரணை இன்னொரு பக்கம். பெரிய பயணிகள் கப்பல்களில் 24 மணி நேரமும் வயர்லெஸ் அறையில் ஆள் இருக்க வேண்டும் என்ற விதி இதற்குப் பிறகுதான் வந்தது.

உலகத்தை இணைத்தவரின் வீடு

1905இல் காதலித்துக் கைப்பிடித்தவர்தான் பீட்ரிஸ். முதல் குழந்தை சில வாரங்களிலேயே இறந்துபோனது. அதன் பிறகு டெக்னா, ஜூலியோ, ஜோயா. ஆனால் மார்க்கோனி வீட்டில் தங்கிய நாட்கள் குறைவு. மனைவியோடு கப்பலில் போனாலும் வயர்லெஸ் அறையிலேயே அடைந்து கிடப்பார். 1912 செப்டம்பரில் கார் விபத்தில் வலது கண் போனது. அதற்குப் பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. 1919இல் எலெத்ரா என்ற உல்லாசக் கப்பலை வாங்கி, அதையே ஆய்வகமாகவும் வீடாகவும் ஆக்கிக்கொண்டார்.

1924இல் விவாகரத்து. 1927இல் மரியா கிறிஸ்டினாவை மணந்தார். முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்து உயர் பதவிகள் வகித்ததும் அவர் வாழ்க்கையில் அழிக்க முடியாத பகுதி. 1930 மார்ச்சில் ஜெனோவாவில் நின்ற எலெத்ராவிலிருந்து சிக்னல் அனுப்பி ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மண்டபத்தில் விளக்குகளை எரிய வைத்தார். அந்த ஆண்டு ஜூலை 20 அன்று பிறந்த மகளுக்கும் எலெத்ரா என்றே பெயர் வைத்தார்.

ஏழு ஆண்டுகள் கழித்து, அந்த மகளின் பிறந்த நாளன்றே, 1937 ஜூலை 20இல் ரோமில் மாரடைப்பால் இறந்தார். வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன.

இன்று என்ன மிச்சம்?

1999 பிப்ரவரியில் கப்பல்களின் மோர்ஸ் அவசர அழைப்பு முறை அதிகாரபூர்வமாக விடைபெற்றது. இப்போது செயற்கைக்கோள் காலம். 2022 முதல் பெரிய க்ரூஸ் கம்பெனிகள் ஸ்டார்லிங்க் இணையத்தைப் பொருத்தத் தொடங்கின. சொல்லுக்கு 9 பென்ஸ் போய், நாளுக்கு இவ்வளவு என்று வைஃபை பேக்கேஜ் வந்திருக்கிறது. கம்பி இல்லாமல் அலையில் போகிறது என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

டெக்னா 1962இல் தன் அப்பாவைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். கடலில் எங்கே இருந்தாலும் செய்தி எட்டிவிடும் மனிதருக்கு மகளாக இருந்தவர் அவர். அந்த மனிதர் வீட்டில் இல்லாத நாட்களையும் எண்ணி வளர்ந்தவர் அவர்தான்.