ஈ அறையின் ஆசிரியர்

நியூயார்க் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் ஷெர்மர்ஹார்ன் மண்டபத்தில் ஒரு சிற்றறை. நீளம் 23 அடி, அகலம் 16 அடி. உள்ளே எட்டு மேஜைகள். எங்கு நோக்கினும் பால் புட்டிகள். புட்டிகளுக்குள் அழுகிய வாழைப்பழமும் அதைத் தின்று பெருகும் ஈக்களும். இந்த நாற்றத்தின் நடுவே அமர்ந்துதான், ஜீன்கள் குரோமோசோம்களில் இருக்கின்றன என்பதைத் தாமஸ் ஹண்ட் மார்கன் நிலைநாட்டினார்.

அவர் 1866-ல் கென்டக்கி மாகாணத்து லெக்சிங்டன் நகரில் பிறந்தவர். 1891 முதல் பிரின் மார் மகளிர் கல்லூரியிலும், 1904 முதல் கொலம்பியாவிலும் ஆசிரியராயிருந்தார். வேடிக்கை என்னவெனில், ஆரம்பத்தில் மெண்டலின் விதிகளையே சந்தேகித்தவர் அவர். பிரின் மாரில் அவரிடம் பயின்ற நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார் 1905-லேயே, மாவுப்புழுவின் ஆண்பாலை நிர்ணயிப்பது ஒரு சிறு குரோமோசோம் என்று கண்டு சொன்னார். ஆசிரியருக்கோ அப்போது முழு நம்பிக்கை பிறக்கவில்லை. 1910-ல் செங்கண் ஈக்களிடையே வெண்கண் ஆண் ஈ ஒன்று தோன்றியது. அதன் பேரப்பிள்ளைகளை எண்ணிப் பார்த்தபோது வெண்கண் உடையவை யாவும் ஆண்களே! அந்த எண்ணிக்கைதான் மார்கனின் மனத்தை மாற்றியது. ஸ்டீவன்ஸ் அம்மையார் 1912-ல் ஐம்பதாம் வயதில் காலமானார்.

மார்கனைவிட அவருடைய மாணவர்களின் கதையே எனக்குச் சுவையாகப் படுகிறது. ஸ்டர்ட்டெவன்ட் இளங்கலை மாணவராயிருந்த 1911-ல், வீட்டுப் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஓர் இரவில் உலகின் முதல் ஜீன் வரைபடத்தைப் போட்டு முடித்தார். இரு ஜீன்கள் எவ்வளவு அடிக்கடி பிரிகின்றனவோ, அவ்வளவு தூரம் அவற்றிடையே உண்டு என்பது அவர் கணக்கு. கடைசிவரை அவர் மார்கனை விட்டுப் பிரியவில்லை. பிரிட்ஜஸ் புட்டி கழுவ வந்த பையன். கழுவவேண்டிய புட்டியின் தடித்த கண்ணாடி வழியே புதுக் கண் நிறமுள்ள ஈயைக் கண்டுகொண்டதும் அவர் உயர்ந்துவிட்டார். குரோமோசோம் கொள்கைக்கு 1916-ல் அசைக்க முடியாத சான்று தந்தவர் அவரே.

முல்லரின் பாதை வேறு. வயிற்றுப்பாட்டுக்கு வெளியே உழைக்க வேண்டியிருந்ததால், அறையில் முழுநேரமும் உட்கார அவரால் இயலவில்லை. தம் யோசனைகளுக்கு உரிய பெயர் தமக்குக் கிட்டவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்கு இருந்தது. அதை வெறும் பொறாமை என்று நான் தள்ளமாட்டேன்; பலர் கூடிப் பேசும் அறையில் எந்த யோசனை யாருடையது என்று பிரிப்பது எளிதன்று. டெக்ஸாஸ் சென்ற அவர், 1927-ல் எக்ஸ்-கதிரால் ஜீன்களை மாற்றலாம் என்று மெய்ப்பித்தார். பிறகு பெர்லின், ரஷ்யா. அங்கே லைசென்கோ கூட்டத்தாரோடு மோதி 1937-ல் வெளியேற்றம்.

1928-ல் மார்கன் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றபோது ஸ்டர்ட்டெவன்டும் பிரிட்ஜஸும் உடன் சென்றனர். 1933-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தைத் தம் மக்களுக்கும் அவ்விருவரின் மக்களுக்கும் பகிர்ந்தளித்தார். அந்தப் பங்கில் முல்லர் வீடு இல்லை.

பிரிட்ஜஸ் 1938-ல் மறைந்தார். மார்கன் 1945 டிசம்பரில். மறு ஆண்டு முல்லருக்கு நோபெல் பரிசு வந்தது.