பறவை நாகத்தை வென்ற வேதசாட்சி புனித ஜார்ஜியார்

வெண்குதிரை மீதமர்ந்து, காலடியில் கிடக்கும் பறவை நாகத்தை ஈட்டியால் குத்தும் வீரரின் படம் நம்மில் பலருக்குப் பழக்கமானது. அவரே புனித ஜார்ஜியார். கேரளத்து எடத்துவாவில் 1810-ல் தொடங்கப்பட்ட அவரது ஆலயத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 27 முதல் மே 7 வரை நடைபெறும் திருவிழாவுக்கு நம் குமரி மாவட்டத்து மக்களும் திரளாகச் சென்று வருகின்றனர். நமது பங்கின் இந்த ஜூபிலி மலரில் அப்புனிதரின் வாழ்வைச் சிந்திக்க விழைகின்றோம்.

இன்றைய துருக்கி நாட்டிலுள்ள கப்பதோக்கியாவில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார் என்பது மரபு. தந்தையைப் போலவே உரோமைப் படையில் சேர்ந்து உயர்ந்தார். 303-ஆம் ஆண்டு தியோக்கிளேசியன் பேரரசன் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கட்டளை பிறப்பித்தான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன; மறைநூல்கள் எரிக்கப்பட்டன; கிறிஸ்தவர்கள் பதவியிழந்தனர். ஜார்ஜியாரோ தம் உடைமைகளை ஏழைகளுக்கு ஈந்துவிட்டு, அரசன் முன் சென்று தம் விசுவாசத்தை அறிக்கையிட்டார். கொடிய வேதனைகளுக்குப் பின் ஏப்ரல் 23-ல் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார் என்பர். புனித பேதுரு ஐனேயாவைக் குணப்படுத்திய லித்தா என்னும் ஊரில் அவரது கல்லறை உள்ளது.

அப்படியானால் பறவை நாகம் எங்கிருந்து வந்தது? லிபியா நாட்டு ஊரொன்றில் ஏரியில் வாழ்ந்த நாகத்துக்கு மக்கள் முதலில் ஆடுகளையும், பின்னர் சீட்டுப் போட்டுத் தம் பிள்ளைகளையும் இரையாகக் கொடுத்தனராம். சீட்டு அரசகுமாரிக்கு விழுந்த நாளில் ஜார்ஜியார் வந்து அவளை மீட்டாராம். 13-ஆம் நூற்றாண்டில் சாமிநாதர் சபைத் துறவி வொராஜின் யாக்கோபு எழுதிய புனிதர் வரலாற்று நூலால் இக்கதை ஐரோப்பாவெங்கும் பரவிற்று. புனிதர் இறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த கதை இது. ஜார்ஜியா நாட்டின் பழைய சித்திரங்களில் அவர் குதிரையின் காலடியில் கிடப்பது நாகமன்று. முடி தரித்த ஒரு மனிதன். அவன்தான் தியோக்கிளேசியன்! அரசன் கிடந்த இடத்தில் பின்னாளில் நாகம் வந்து சேர்ந்தது.

இம்மாற்றம் பொருளற்றதன்று. திருவெளிப்பாடு 12-ஆம் அதிகாரத்தில் ஏழு தலைகளிலும் முடி சூடிய அரக்கப் பாம்பை மிக்கேல் அதிதூதர் வெல்கிறார். இறைமக்களை விழுங்கத் துடிக்கும் அலகையின் உருவம் அது. அரசர்களின் கொடுமையிலும் அதன் முகம் தெரியும். ஆகவே ஜார்ஜியாரின் ஈட்டி எந்த உயிரினத்துக்கும் எதிரானதன்று. சீன மக்களுக்குப் பறவை நாகம் மழை தரும் மங்கலச் சின்னம். நமது நாகர்கோவிலுக்கே பெயர் தந்தது நாகராஜா கோயில். பிற சமயச் சகோதரர் போற்றுவதை இழிவுபடுத்த இப்படம் நமக்குத் தரப்படவில்லை. அச்சமும் பேராசையும் அநீதியுமே நாம் வெல்ல வேண்டிய நாகங்கள்.

1969-ல் வழிபாட்டு நாள்காட்டி சீரமைக்கப்பட்டபோது ஜார்ஜியார் நீக்கப்பட்டார் எனச் சிலர் எண்ணி வருந்துகின்றனர். அது சரியன்று. ஏப்ரல் 23 இன்றும் அவரது நினைவு நாளே. விருப்ப நினைவாகக் கொண்டாடப்படுகிறது. கதை கதையாகவே நிற்கட்டும், சாட்சியம் மறையாது.

அச்சாட்சியத்தை நமது மண்ணும் கண்டுள்ளது. நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனைப் பணியிலிருந்த தேவசகாயம், 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். பதவியை இழந்தார், சிறையையும் சித்திரவதையையும் ஏற்றார், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர் நீத்தார். 2022 மே 15-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவரிடம் குதிரையுமில்லை, ஈட்டியுமில்லை. ஆயினும் ஜார்ஜியார் வென்ற அதே நாகத்தை அவரும் வென்றார்.

கடன் தொல்லையிலும் மதுவின் பிடியிலும் சாதிப் பூசலிலும் சிக்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. எடத்துவாவுக்கு நேர்ந்துகொண்டு செல்லும் நாம், வீடு திரும்பி இந்நாகங்களையும் எதிர்த்து நிற்கும் வரம் கேட்போமாக. புனித ஜார்ஜியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.