மக்ஸ் பிளாங்க்: வேண்டா விருப்பாய் ஒரு புரட்சி

500 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளியின் ஒரு போட்டனுக்கு எவ்வளவு சத்தி உண்டு என்று கேட்டால், இன்றைய பௌதிக மாணவன் தயங்குவதில்லை. ஒளியின் வேகத்தை அலைநீளத்தால் வகுத்து, மீடிறன் செக்கனுக்கு 6 × 10¹⁴ என்று காண்கிறான். அதனைப் பிளாங்கின் மாறிலியாற் பெருக்க, ஏறத்தாழ 4 × 10⁻¹⁹ யூல் என்ற விடை வந்துவிடுகிறது. சில நிமிட வேலை. அந்தப் பெருக்கலை உலகுக்கு அளித்தவரோ அதை மனமொப்பிச் செய்தவர் அல்லர்.

ஜேர்மனியின் கீல் நகரில் 1858 ஏப்ரல் 23ஆம் திகதி பிறந்த மக்ஸ் பிளாங்க், மியூனிச்சில் வளர்ந்தார். பியானோவிலும் ஓர்கனிலும் தேர்ந்த அவர், இசையை விட்டுப் பௌதிகத்தை நாடியபோது, அத்துறையிற் கண்டறியப் பெரிதாக எதுவும் எஞ்சவில்லை என்று அவருடைய பேராசிரியர் யொலி எச்சரித்தாராம். புதியன காணும் வேட்கை பிளாங்குக்கு அப்போது இருக்கவில்லை; உள்ளதை நன்கு விளங்கிக்கொண்டாற் போதும் என்றிருந்தார். 21 வயதிற் கலாநிதிப் பட்டம் பெற்று, 1889இற் பேர்லின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

காய்ச்சிய இரும்பு முதலிற் சிவந்து, பின் மஞ்சளாகி, ஈற்றில் வெண்மையாக ஒளிர்வதைக் கொல்லன் பட்டறையிற் காணாதார் யார்? எந்த வெப்பநிலையில் எந்த அலைநீளத்தில் எவ்வளவு சத்தி வெளிப்படுகிறது என்பதே அன்று விடையற்று நின்ற வினா. வீன் என்பாரின் சூத்திரம் குறுகிய அலைகளுக்குப் பொருந்திற்று. நெடிய அலைகளிற் பிழைத்தது. 1900 ஒக்டோபர் 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிளாங்கின் வீட்டுக்கு வந்த ரூபென்ஸ் தம் புதிய அளவீடுகளை எடுத்துரைத்தார். விருந்தினர் விடைபெற்ற பின், அன்றிரவே பிளாங்க் பொருத்தமான சூத்திரத்தை அமைத்துவிட்டார்.

சூத்திரம் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. இடைப்பட்ட இரண்டு மாதங்களே அவர் வாழ்வின் மிகக் கடுமையான உழைப்புக் காலம். சத்தி நீரோட்டம்போல இடையறாது பாய்வதன்று, மீடிறனுக்கு விகிதசமமான சிறு சொட்டுக்களாகவே கணக்கில் வருகிறது என்று கொண்டாலன்றி வழியில்லை என்ற நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். டிசெம்பர் 14ஆம் திகதி பேர்லினில் அதனை வெளியிட்டார். பின்னரும் பல்லாண்டுகள் அச்சொட்டைப் பழைய பௌதிகத்துக்குள் அடக்கிவிட முயன்று தோற்றார். ஒளியே சொட்டுக்களாக விரைகிறது என 1905இல் ஐன்ஸ்ரைன் துணிந்து கூறியபோது அதை ஏற்கவும் அவர் மனம் இசையவில்லை. 1913இல் ஐன்ஸ்ரைனை விஞ்ஞானக் கழகத்துக்குப் பரிந்துரைத்த ஆவணத்திற்கூட, அக்கருத்து பொறுத்தருளத்தக்க மிகைப்பாடாகவே குறிக்கப்பட்டிருந்தது! ஆயினும் பரிந்துரைத்தார்; அதுவே அவர் பெருந்தன்மை.

1918ஆம் ஆண்டுக்குரிய நொபெல் பரிசு கிடைத்த காலம், அவர் இல்லத்தில் இழவு ஓயாத காலம். மனைவி மேரி 1909இல் மறைந்திருந்தார். மூத்த மகன் கார்ல் 1916இல் வேர்டன் போர்க்களத்தில் மாண்டான். இரட்டைப் பெண்களில் ஒருத்தி 1917இற் பிள்ளைப்பேற்றோடு இறந்தாள். அக்குழந்தையை வளர்க்கச் சென்று அதன் தந்தையையே மணந்த மற்றவளும் 1919இல் அவ்வாறே இறந்தாள்.

நாற்சிகள் ஆட்சிக்கு வந்த பின்னரும் பிளாங்க் நாட்டை விட்டகலவில்லை. அரசை அவர் வெளிப்படையாக எதிர்க்காததைக் குறை கூறுவோர் உளர்; அக்குறையை முற்றாகத் தள்ளிவிடவும் இயலாது. ஆனால், நாட்டைத் துறக்க நேர்ந்த யூத விஞ்ஞானி ஹாபருக்கு, அரசின் தடையைப் பொருட்படுத்தாது 1935இல் நினைவுக்கூட்டம் நடத்தியவரும் அவரே. 1944இற் குண்டுவீச்சில் அவருடைய வீடும் நூல்களும் கடிதங்களும் எரிந்தன. ஹிட்லரைக் கொல்ல முயன்ற சதியிற் சம்பந்தப்பட்டவன் என்று, எஞ்சியிருந்த அன்பு மகன் ஏர்வின் 1945 ஜனவரி 23ஆம் திகதி தூக்கிலிடப்பட்டான். தந்தையின் கருணை மனு பயன்தரவில்லை. அப்போது பிளாங்குக்கு வயது 86.

1947 ஒக்டோபர் 4ஆம் திகதி கொற்றிங்கனில் அவர் காலமானார். அங்குள்ள கல்லறையில் அவர் பெயரும், அடியில் அந்த மாறிலியின் பெறுமானமும் பொறிக்கப்பட்டுள்ளன.